யாரு வேணும் என்று கேட்டவர்

எங்கள் தொழில் சந்திப்புக்கு வருகிறவர்கள் புது ஆளைப் பார்த்தால், "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்பார்கள். பதில் பாதியில் இருக்கும்போதே தங்கள் கார்டை எடுத்து நீட்டிவிடுவார்கள். அந்த அம்மா மட்டும், "உங்களுக்கு யாரு வேணும்?" என்று கேட்பார்.

என்னிடமும் அப்படித்தான் கேட்டார். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஓட்டலின் மாடி ஹால். சனிக்கிழமை காலை ஏழு மணி. கையில் இட்லித் தட்டோடு சுவரோரம் நின்றிருந்தேன்.

"யாரும் வேண்டாம்மா. சும்மாதான் வந்தேன்" என்றேன்.

"சும்மா வர்றதுக்கு இன்னாத்துக்கு சார் இஸ்திரி போட்ட சட்டை? யோசிச்சி வைங்க. அடுத்த வாரம் கேக்கறேன்."

அடுத்த வாரம் மறக்காமல் கேட்டார்.

நான் அவருக்குச் செய்ததை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் அவர் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கே பல மாதங்கள் அப்படித்தான் தெரிந்தது.

எங்கள் சனிக்கிழமைச் சந்திப்பில் முப்பது பேர் இருந்தோம். ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் சிறு தொழில் செய்கிறவர்கள். ஒரு தொழிலுக்கு ஒரு நாற்காலிதான். ஒரு அச்சகத்துக்காரர் இருந்தால் இன்னொரு அச்சகத்துக்காரருக்கு இடம் கிடையாது. ஒவ்வொருவரும் எழுந்து ஒரு நிமிடம் பேச வேண்டும். நிமிடம் முடிந்ததும் பேக்கரிக்காரர் மேஜை மணியைத் தட்டி, "ஆயிது சார், ஆயிது" என்று கன்னடத்தில் உட்கார வைப்பார். கடைசியில் நன்றி சொல்லும் சுற்று. யார் மூலமாக யாரைப் பார்த்தோம், என்ன நடந்தது என்று எழுந்து சொல்ல வேண்டும். எல்லாரும் கை தட்டுவோம்.

நான் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு தரச்சான்று ஆலோசகர் என்று கார்டு அடித்துக்கொண்டேன். ஆலோசனை கேட்டு யாரும் வரவில்லை. சந்திப்புக்குப் போனது தொழிலுக்காக இல்லை. யாராவது என்னை சார் என்று கூப்பிட்டு வெகுநாளாகியிருந்தது, அதற்காகத்தான்.

அந்த அம்மாவின் தொழில் கையுறை. வெல்டிங் செய்கிறவர்கள் போடுகிற தடித்த தோல் கிளவ்ஸ். ஸ்கெலட்டன் என்கிற பகுதியில், மூடிப்போன சுரங்கத்தின் பழைய குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளை எடுத்து, எட்டுப் பெண்களை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தோல் வெட்டும் கத்திரி பட்டுப் பட்டு வலது கட்டைவிரல் காய்த்துப்போயிருக்கும். அந்தக் கையால்தான் வணக்கம் சொல்வார், அந்தக் கையால்தான் ஆளைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் இன்னொரு ஆளின் முன்னால் நிறுத்துவார்.

இன்சூரன்ஸ் விற்கிற இளைஞர் ஒருவர் எங்களோடு இருந்தார். ஹாலுக்குள் நுழைந்ததும் எல்லார் கையிலும் கார்டைத் திணித்துக்கொண்டே போவார். ஒருநாள் அந்த அம்மா அவரை நிறுத்தினார்.

"தம்பி, கல்யாணப் பத்திரிகை மாதிரி குடுத்துகினே போறியே, மண்டபம் எங்கன்னு யாருக்கும் சொல்லலையே?"

"கார்டுல எல்லாம் போட்டுருக்கு ஆன்ட்டி."

"கார்டை யாரு படிக்கறாங்க? உள்ள வை. போயி அந்தப் பாத்திரக் கடைக்காரரு பக்கத்துல உக்காரு. அவரு மாமியாரு ஆஸ்பத்திரியில கீறாங்க. எப்படி இருக்காங்கன்னு கேளு. பாலிசியைப் பத்திப் பேசினே, கொன்னுடுவேன்."

அவர் போய் உட்கார்ந்து கேட்டார். இரண்டு மாதம் கழித்து அந்தப் பாத்திரக் கடைக் குடும்பத்தில் ஏழு பேருக்குப் பாலிசி எழுதினார்.

பேத்தமங்களா பக்கம் தக்காளி போடுகிற ரெட்டி ஒருவர், கூடைகளில் அனுப்பினால் பாதி நசுங்கிப்போகிறது என்று தன் நிமிடத்தில் புலம்பினார். எதிர் வரிசையில் பிளாஸ்டிக் கிரேட் பெட்டி விற்கிறவர் இருந்தார். இருவரும் ஒரு வருடமாக ஒரே ஹாலில் இட்லி சாப்பிட்டவர்கள். இருவர் கையையும் பிடித்துச் சேர்த்துவைத்தவர் இந்த அம்மாதான். "நீங்க ரெண்டு பேரும் அவங்கவங்க நிமிஷத்தை மனப்பாடம் பண்ணிகினு இருந்தீங்க. அடுத்தவன் நிமிஷத்தைக் கேக்கலை" என்றார்.

அதுதான் அவருடைய ரகசியம் என்று நினைக்கிறேன். முப்பது பேரின் ஒரு நிமிடங்களையும் அவர் கேட்பார், ஒன்றையும் மறக்கமாட்டார்.

ஒருமுறை பெங்களூரில் பெரிய தொழில் கண்காட்சிக்கு எங்களில் எட்டுப் பேர் போனோம். நாங்கள் மேடையில் பேசியவர்களைச் சூழ்ந்துகொண்டு நின்றோம். அந்த அம்மாவைக் காணோம். தேடினால், டீ டிரம்முக்குப் பக்கத்தில் தனியாக நின்ற ஒரு மனிதரோடு பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது ரயிலில் உட்கார்ந்து, வாங்கிய கார்டுகளின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'முட்டி வலி.' 'அம்மா தனியா ஓசூர்ல.' 'சர்க்கரை இல்லாத டீ.' கம்பெனி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"இதெல்லாம் எதுக்கும்மா?" என்றேன்.

"அடுத்த தபா பேசச்சொல்ல கேக்கறதுக்கு சார். கம்பெனியைப் பத்தி முன்பக்கம் அவங்களே அடிச்சிக் குடுத்துட்டாங்களே."

சொல்லத்தான் வேண்டும், அப்போது எனக்குக் கொஞ்சம் அச்சமாக இருந்தது. என்னைப் பற்றி எதை எழுதி வைத்திருக்கிறாரோ என்று.

இனி என் நிமிடத்துக்கு வருகிறேன்.

நான் சேர்ந்த முதல் மாதம். எல்லாரும் தங்களுக்கு யார் யாரைத் தெரியும் என்று அடுக்கினார்கள். எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. மாலூரில் பெரிய வாகன உதிரிபாகக் கம்பெனியில் கொள்முதல் தலைவராக இருப்பவர் ஒருகாலத்தில் என் கீழ் வேலை பார்த்தவர். "அவன் நான் தூக்கிவிட்ட பையன். ராத்திரி பகல்னு இல்ல, எப்ப போன் பண்ணாலும் எடுப்பான்" என்றேன். கைதட்டினார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

உண்மை வேறு. என் கோப்பு ஒன்றில் இருந்த தவற்றை அவர் எல்லார் முன்னாலும் சுட்டிக்காட்டினார். அந்த வருட ரகசிய அறிக்கையில் நான் அவரைப் பற்றி, 'பொறுப்பு ஒப்படைக்கத் தகுந்தவர் அல்ல' என்று எழுதினேன். அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு நின்றது. ராஜினாமா செய்துவிட்டுப் போனார். அதன் பிறகு நாங்கள் பேசியதில்லை. அவருடைய எண்கூட என்னிடம் கிடையாது.

இரண்டு வருடம் அந்தப் பொய் எனக்குத் தொந்தரவு தரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை அந்த அம்மா தன் நிமிடத்துக்கு எழுந்தார். வழக்கமாக மற்றவர்களுக்கு யார் வேண்டுமோ அதைத்தான் பேசுவார். அன்று குரல் வேறு மாதிரி இருந்தது.

"இத்தினி நாள் எனக்கு யாரும் வேணும்னு கேட்டதில்லை. இப்ப ஒருத்தர் வேணும். எங்க பெரிய கஸ்டமரு கிளவ்ஸை வடக்குலேர்ந்து மொத்தமா எறக்கிட்டாரு. எட்டுப் பொம்பளைங்க என்னோட இருக்காங்க. ரெண்டு மாசத்துக்குள்ள வேற ஆர்டர் வரலைன்னா கதவைச் சாத்தணும். மாலூர் கம்பெனியில ஷிப்டுக்கு எரநூறு வெல்டருங்க. சாருக்கு அங்க தலைவரைத் தெரியும். சாரு ஒரு வார்த்தை சொன்னாருன்னா நான் சாம்பிளோட போயி நிப்பேன்."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. மணியடிக்கிற பேக்கரிக்காரரும் மணியை மறந்து என்னைப் பார்த்தார்.

"அதுக்கென்னம்மா, நாளைக்கே பேசறேன்" என்றேன்.

நாளை போயிற்று. அந்த வாரம் போயிற்று. எண்ணைத் தேடி வாங்கினேன். அதை அழுத்துவதற்குக் கை வரவில்லை. பேசினால் முதல் வார்த்தை மன்னிப்பாக இருக்க வேண்டும். எழுபத்தொரு வயதில் எனக்கு அது வரவில்லை. சந்திப்புக்கே போகாமல் இருந்துவிடலாம் என்றால், போகாததற்குக் காரணம் கேட்டு எல்லாரும் போன் செய்வார்கள். போனேன். அந்த அம்மா இட்லி வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். கேட்கவில்லை. அதற்கடுத்த வாரமும் கேட்கவில்லை. சட்னியை என் தட்டில் ஊற்றிவிட்டு, "காரம் கம்மியா போட்டிருக்கான் சார், சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார். கேட்டிருந்தால் ஏதாவது சாக்கு சொல்லியிருப்பேன். கேட்காததால் சாக்குச் சொல்லவும் வழியில்லை.

ஐந்தாவது வாரம் நானே சொன்னேன். "பேசிட்டேன்மா. வரச் சொல்லிட்டான்."

அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்காமல் தட்டைக் கழுவும் இடத்துக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை அவர் மாலூர் போனார். அன்று முழுவதும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலை அது அடித்தது. மாலூர்க்காரர்தான்.

"சார், என்னை ஞாபகம் இருக்கா?"

உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டேன்.

"நேத்து ஒரு அம்மா வந்தாங்க. காலைலேர்ந்து மூணு மணி வரைக்கும் கேட்ல நின்னுட்டிருந்தாங்க. உங்க பேரைச் சொல்லிக்கிட்டே இருந்தாங்களாம். யாரும் எனக்குப் போன் பண்ணலையேன்னு சொன்னேன். முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா உங்களை விட்டுக்குடுக்கலை சார். வயசானவரு, மறந்திருப்பாருன்னாங்க. நீங்க மீட்டிங்ல எழுந்து நின்னு என்னைப் பத்திப் பெருமையா பேசினீங்கன்னு சொன்னாங்க. நிஜமாவா சார்?"

"நிஜம்தான்ப்பா."

"நான் தூக்கிவிட்ட பையன்னு சொன்னீங்களாம்." சிரித்தார். "தூக்கித்தான் விட்டீங்க. நேரா கேட்டுக்கு வெளியில. விடுங்க சார், அங்கேயே இருந்திருந்தா நான் இந்த இடத்துக்கு வந்திருக்கமாட்டேன். உங்களுக்கு என் மேல மதிப்பு இருக்குன்னு கேட்டதும் சந்தோஷமா இருந்துச்சு."

இருபது வருடப் பாரத்தை அந்த அம்மா ஒரே நாளில் இறக்கி வைத்திருந்தார். என் பொய்யை வைத்துக்கொண்டே எனக்கு ஓர் உறவை மீட்டுக் கொடுத்திருந்தார். அழுகை வந்தது. அப்போது மாலூர்க்காரர் கேட்டார்.

"சரி சார், வேலைக்கு வர்றேன். சாம்பிளை உள்ளாற திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரல்கிட்ட ரெட்டைத் தையல். நல்லாத்தான் இருக்கு. ஆனா ரொம்பச் சின்ன யூனிட்டு. எங்க ரூல்படி இவ்ளோ சின்ன யூனிட்டுக்குத் தெரிஞ்சவங்க யாராவது பொறுப்பெடுத்துக்கணும். உங்களுக்குத் தெரியும்ல சார் அந்த அம்மாவை? உங்க பொறுப்புன்னு எழுதிக்கட்டுமா?"

முப்பத்து நான்கு வருடம் நான் எந்தச் சப்ளையருக்கும் பொறுப்பு ஏற்றதில்லை. கொள்முதல் பிரிவில் நான் சேர்ந்த அன்றே மேலதிகாரி சொல்லிக்கொடுத்தது அது. பின்னாளில் சரக்கு கெட்டுப்போனால் நம் கையெழுத்து மாட்டிக்கொள்ளும். அந்தப் பழக்கம் என் வாய்க்கு என்னை முந்திக்கொண்டு வந்தது. இன்னொன்றும் இருந்தது. அப்போதுதான் கிடைத்த மரியாதை. நாளைக்கு ஒரு தையல் பிரிந்தால் அது போய்விடும்.

"நான் அவங்க யூனிட்டை உள்ள போய்ப் பார்த்ததில்லைப்பா. மீட்டிங்ல பழக்கம், அவ்ளோதான். நீ பார்த்து என்ன வேணா பண்ணு. என் பொறுப்புன்னு மட்டும் எழுதிக்காத."

"புரிஞ்சது சார்" என்றார்.

ஸ்கெலட்டன் என் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். அரை மணி கேட்டு வாங்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பப் பேசியிருக்கலாம். தோன்றவே இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. நன்றிச் சுற்றில் அந்த அம்மா எழுந்தார். நான் பேசவே இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரியும். நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"சாரு மூலமாத்தான் மாலூர் கம்பெனிக்குள்ள கால் வெச்சேன். சாருக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மற்ற எல்லாரையும் விட அதிகமாக எனக்குக் கை தட்டினார்கள்.

முடிந்து படியிறங்கும்போது என் பக்கத்தில் வந்தார். "சார், நீங்க பயந்துகினு இருந்தீங்கன்னு தெரியாம உங்களைச் சபையில மாட்டிவிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. அவருக்கு உங்க மேல கோவமே இல்லை. இனிமே நீங்களே பேசலாம்." ஒரு படி இறங்கினார். "ஆர்டரைப் பத்தி உங்களை ஒரு வார்த்தை கேக்கறேன்னாரு. கேட்டாரா?"

"இன்னும் கேக்கலைம்மா."

அந்த இரண்டு வார்த்தைகளைத்தான் நான் மன்னிக்க முடியாமல் இருக்கிறேன். போனில் பேசியது கோழைத்தனம். படியில் சொன்னது திருட்டு. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் என்னை ஒரே இழுப்பில் ஸ்கெலட்டனுக்குக் கூட்டிப்போய் எட்டு மெஷினையும் காட்டியிருப்பார். அங்கிருந்தே மாலூருக்குப் போன் போட வைத்திருப்பார். காரியம் அன்றே நேராகியிருக்கும்.

பத்து நாளில் மாலூரிலிருந்து இல்லை என்று பதில் வந்தது. அதைச் சொல்லும்போதும் என்னைத் தேற்றினார். "நீங்க உங்களால ஆனதைப் பண்ணீங்க சார்." இரண்டு மாதத்தில் யூனிட் மூடியது. மெஷின்களை ஆம்பூரிலிருந்து வந்த ஒருவர் எடுத்துப்போனார். அந்த அம்மாவும் அவரிடம் தைத்தவர்களில் ஆறு பேரும் பெங்களூரில் ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனியில் சேர்ந்தார்கள். காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் வருகிற வாழ்க்கை. சனிக்கிழமையும் வேலை. சந்திப்பை விட்டு நின்றுவிட்டார்.

எனக்கு அந்த உறவு மட்டும் நிலைத்தது. மாலூர்க்காரர் வாரம் ஒருமுறை பேசுவார், காலை நடைக்குப் போகும்போது. அவர் பெயரை இப்போது பொய்யில்லாமல் என் நிமிடத்தில் சொல்ல முடிந்தது. ஒவ்வொரு முறை சொல்லிவிட்டும், நிமிடம் முடியும் முன்பே உட்கார்ந்துவிடுவேன். பிறகு ஒரு சனிக்கிழமை, கையுறை நாற்காலி காலியாக இருக்கிறதே என்று சொல்லி, வடக்கிலிருந்து கிளவ்ஸ் வாங்கி விற்கிற ஒருவரைக் கொண்டுவந்து அதில் உட்காரவைத்தார்கள். வரவேற்புக்கு என்னையும் கை தட்டச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் எங்கள் ஊர்க் கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு. பெங்களூர் ரயில் வந்து நின்றது. ஜன்னலில் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு ஏறினேன்.

"இன்னா சார் இவ்ளோ காலைல! எங்க போறீங்க?"

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்மா" என்பதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. எனக்குப் பின்னால் கூட்டம் அடைத்துக்கொண்டது. இனி பங்காரப்பேட்டையில்தான் இறங்க முடியும்.

"ஏய், எழுந்திரு. சாருக்கு எடம் குடு" என்று ஒரு பெண்ணை எழுப்பி என்னை உட்காரவைத்தார். சுற்றிலும் அவருடைய பழைய தையல்காரப் பெண்கள். "இவருதான்டி நம்ம சாரு. நமக்காக மாலூர்ல பேசினவரு." ஆறு பேரும் கும்பிட்டார்கள். ஒருத்தி டிபன் மூடியில் இரண்டு இட்லி வைத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அந்த இட்லியோடு எப்படிச் சொல்வது?

அவர் சும்மா இருக்கவில்லை. எனக்கு எழுந்து இடம் கொடுத்த பெண்ணைத் தோளைப் பிடித்து என் முன்னால் நிறுத்தினார். "சார், இவ பொண்ணு மெக்கானிக்கல் டிப்ளமா. ஒரு வருஷமா வீட்ல கீது. மாலூர்ல ட்ரெயினிங்குக்கு ஆள் எடுக்கறாங்களாம். இப்பதான் நீங்களே பேசலாமே."

"சார், புண்ணியமா போவும்" என்றாள் அந்தப் பெண்.

இதையாவது செய்துவிட வேண்டும் என்று ஒரு வெறி வந்தது. அங்கேயே போனை எடுத்தேன். ரயில் சத்தத்தில் காது கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"சொல்லுங்க சார், நடந்துகிட்டிருக்கேன்."

"ஒரு பொண்ணுப்பா. டிப்ளமா. எங்க ஊரு. ட்ரெயினிங்குக்கு எடுத்துக்கணும். என் பொறுப்பு."

மறுமுனையில் பெரிய சிரிப்பு. "நீங்களா சார் பேசறது! அன்னிக்கு அந்த கிளவ்ஸ் அம்மாவுக்கு, என் பொறுப்புன்னு மட்டும் எழுதிக்காதன்னு சொன்னவர்தானே? ஆர்டர் பேப்பரு மேஜை மேலயே இருந்துச்சு சார். நீங்க ஒரு சரி சொல்லியிருந்தா அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். இப்ப மட்டும் எப்படி தைரியம் வந்துச்சு?"

ஏழு பெண்களும் கேட்டார்கள். இட்லி கொடுத்தவள் கையில் டிபன் டப்பா அப்படியே நின்றது. நான் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. அவருடைய கை மட்டும் தெரிந்தது. அது வந்து என் கையிலிருந்த போனை எடுத்தது.

"சார், வணக்கம். நான்தான் அந்த கிளவ்ஸ் அம்மா பேசறேன்." குரல் நடுங்கவில்லை. "இந்தப் பொண்ணைப் பொறந்ததுலேர்ந்து எனக்குத் தெரியும். என் பொறுப்புன்னு எழுதிக்குங்க. எப்ப அனுப்பட்டும்?"

 "அடுத்த திங்கக்கிழமை அனுப்புங்கம்மா" என்றார் மாலூர்க்காரர். வேறு ஏதோ சொல்லத் தொடங்கினார். அந்த அம்மா, "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிப் பேச்சைத் துண்டித்துவிட்டு, போனை என் மடியில் வைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பங்காரப்பேட்டை வந்தது. அங்கே இறங்க வேண்டியவன் நான் ஒருவன்தான். எழுந்து நின்றேன். எதிரே ஆறு பெண்கள் கால்களை மடக்காமல், முகத்தையும் திருப்பாமல், அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வண்டி இரண்டு நிமிடம்தான் நிற்கும்.

அந்த அம்மா ஜன்னலிலிருந்து திரும்பாமலே சொன்னார். "சாரு எறங்கணும். வழி விடுங்கடி."